நடுவில் இறங்குவதா, ஓரத்தில் இறங்குவதா

"2605. தாரண வருடம், மாசி. சென்டர் அண்ணனுக்கு முழங்கால் போயிற்று. எனக்கு வலது காது கேட்கவில்லை. காரணம் பந்து."

என்னிடம் மிஞ்சியிருக்கும் குறிப்பு இவ்வளவுதான். தோட்ட ஆபீஸில் வீணாய்க் கிடந்த பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதியது. வலது கை விரல்கள் அப்போது மடங்கவில்லை. நாள் எழுதிய மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்து மலாயாவின் கெடா மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் ஒரே நேரத்தில் நடந்தன. ஜப்பான்காரன் கணக்கில் அது 2605. அவன் 1943இல் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டதால் சயாம் கணக்கில் 2488. இந்தியாவிலிருந்து பஞ்சாங்கம் வருவது நின்றுபோய், கோயில் பண்டாரம் விரல்விட்டு எண்ணிச் சொன்ன கணக்கில் தாரண. மூன்றையும் ஒட்டிப் பார்த்தால் 1945, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். மாநிலத்தின் பெயர் சைபுரி என்று மாறி, கம்பத்தில் சயாம் கொடி பறந்தது. அடிக்கிறவன் மட்டும் மாறவில்லை.

குறிப்பின் கடைசி வரியைப் படிக்கிறவர்கள், பந்து விளையாடும்போது அடிபட்டது என்று நினைப்பார்கள். என் பிள்ளைகள் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். நாங்கள் அன்று பந்தைத் தொடவில்லை. பந்தைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் தோட்டம் சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்தது. நான் ஆபீஸில் கணக்கெழுதும் இளைய கிராணி. சென்டர் அண்ணன் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். தோட்டத்துப் பந்துக் குழுவில் சென்டர் பார்வர்டாக ஆடியதால் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்க அவர் சென்டர். அவர் மனைவி சென்டர் வீட்டு அக்கா. அவர் வளர்த்த கோழிகள் அடுத்த வீட்டில் மேய்ந்தால், "சென்டர் கோழி வந்திருச்சு, வெரட்டு" என்பார்கள்.

குழுவை உண்டாக்கியவர் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை. அயர்லாந்துக்காரர். தன்னை இங்கிலீஷ்காரன் என்று யாராவது சொன்னால் முகம் சிவந்து, "நான் ஐரிஷ்" என்பார். அவருக்குத் தெரிந்தது தோட்டத்துத் தமிழ், அதுவும் கட்டளை இடும் சொற்கள் மட்டும். போ, வா, வெட்டு, போடு, நில்லு. அதை வைத்துக்கொண்டே எல்லாம் பேசிவிடுவார். ஸ்டோர் சுவரில் அவர் ஒரு பத்திரிகைப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். அயர்லாந்து தேசியக் குழு. முன்வரிசையில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருவன். துரை அவன் தலையில் விரலை வைத்து எங்களிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இந்த ஆளு நல்ல ஆளு. கோல் அடிக்கிற ஆளு. நடுவுல போடாதே. லெஃப்ட்டுல போடு. நடுவுல போட்டவன் மடையன்."

இதைச் சொன்ன சில நாளில், சுங்கை பட்டாணியில் நடந்த ஆட்டத்தில் சென்டர் அண்ணனையும் அவர் இடது ஓரத்துக்கு மாற்றினார். நாங்கள் தோற்றோம். அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வடக்கிலிருந்து வர, துரை காரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். அதனால் தோட்டத்தின் கடைசி ஆட்டத்தில் சென்டர் அண்ணன் சென்டர் அல்ல. மறுபடி நடுவுக்கு மாற்ற ஆளில்லாமல் அவர் அந்த ஓரத்திலேயே நின்றுபோனார். அந்த மனக்குறை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. தன்னைப் பற்றி நேராகப் பேச மாட்டார். படத்தில் இருந்த அந்த அயர்லாந்துக்காரனைப் பற்றிப் பேசுவார்.

படத்தை அவர் ஸ்டோர் சுவரிலிருந்து பிரித்து வந்து வீட்டில் வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்த முதல் மாதத்திலேயே, வெள்ளைக்காரன் படம் வீட்டில் இருந்தால் தலை போகும் என்று அக்கா அதை அடுப்பில் வைத்துவிட்டார். படம் இருந்திருந்தால் வாதம் எப்போதோ முடிந்திருக்கும். இல்லாததால் வளர்ந்தது. அவன் தோள் அகலமா குறுகலா, எந்தக் காலில் கட்டுப் போட்டிருந்தான், உயரமா இல்லையா என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். நான் துரை கட்சி. இடது ஓரம்தான் அவனுக்குச் சரியான இடம் என்பேன். அண்ணன் நடு.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் திடல் லயங்களுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. ஆடுகிறவர்கள் சரிவில் இறங்கித்தான் திடலுக்குப் போக வேண்டும். அதனால் ஆடுவதற்கே எங்கள் தோட்டத்தில் 'எறங்குறது' என்று பெயர். "இன்னைக்கு யாரு எறங்குறா?" என்றால் இன்று யார் ஆடுகிறார்கள் என்று பொருள். "அவன் லெஃப்ட்டுல எறங்குவான்" என்றால் இடது ஓரத்தில் ஆடுவான். பக்கத்துத் தோட்டத்தில்கூட இந்தப் பேச்சு கிடையாது. அங்கே திடல் மேட்டில் இருந்தது.

1945 தொடக்கத்தில் இதே சொல் வேறொரு காரியத்துக்கும் வழங்கத் தொடங்கியது. பாலிங் மலைப் பக்கம் வெள்ளைக்காரன் குடை கட்டிக்கொண்டு வானத்திலிருந்து எறங்குகிறான் என்று லயங்களில் பேசிக்கொண்டார்கள். உண்மையா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஜப்பான்காரன் நம்பினான். எறங்குகிறவனைப் பற்றித் தெரிந்தும் சொல்லாதவன் தலை பசார் முன்னால் மூங்கிலில் நிற்கும் என்று கங்காணிகளையெல்லாம் பட்டணத்துக்கு வரவழைத்துச் சொல்லியனுப்பியிருந்தார்கள். சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. அப்படி ஒரு தலையை நான் பசார் வாசலில் பார்த்திருக்கிறேன். ஈ மொய்த்த வாய் திறந்திருந்தது.

திடலில் அப்போது பந்து இல்லை. முழுக்க மரவள்ளி நட்டிருந்தோம். கோல் கம்பங்கள் விறகாகிவிட்டன. ஒரு பிற்பகல், கிராணி தொழிலாளி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் அங்கே களை கொத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் கொத்துவதை நிறுத்திவிட்டுக் காலால் தரையைத் தட்டினார்.

"தம்பி, நான் நிக்கிற எடம் எதுன்னு சொல்லு."

"மரவள்ளிக் கொல்லை."

"நக்கலு. சென்டரு லா இது. சுண்ணாம்பு வட்டம் போட்ட எடம். அந்த ஐரிஸ்காரன் இங்கதான் எறங்கணும்."

"நடுவுல எறங்குனா செத்தான் அண்ணே. அங்க எப்பவும் ஒருத்தன் அவனுக்காகவே காத்துக்கிட்டு நிப்பான்."

"நிக்கட்டுமே. ஒருத்தன்தானே? தோளால ஒரு இடி, ஆளு காலி."

"ஓரத்துல எறங்குனா எவனும் கவனிக்க மாட்டான். லெஃப்ட்டுல எறங்கி, உள்ள வெட்டி வந்து, வலது காலால ஒரு சூட்டு. முடிஞ்சது கதை."

"லெஃப்ட்டுலயா?" அண்ணன் மண்வெட்டியால் இடது ஓரத்தைக் காட்டினார். எல்லைக் கோடு இருந்த இடத்தை ஒட்டிக் கங்காணியாரின் மாட்டுக் கொட்டாய் இருந்தது. "அங்க எறங்குறவன் உள்ள வர மாட்டான்டா. நேரா கங்காணியாரு கொட்டாய்க்குள்ள பூந்து பாலு கறந்துக்கிட்டு இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் நிமிராமலே சொன்னார்: "வயித்துல மரவள்ளிகூட முழுசா இல்ல. ரெண்டு பேரும் அயர்லாந்துக்கு ஆளு எடுக்குறாங்க. இந்த வரிசையை முடிங்க முதல்ல."

"இரு புள்ள. நான் சொல்றேன் தம்பி, எழுதி வச்சுக்கோ. ஐரிஸ்காரன் நடுவுலதான் எறங்குவான்."

"ஓரத்துலதான்."

கொட்டாய்க்குள் கங்காணியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு பந்தாட்டத்தையும் நின்று பார்க்காத மனிதர். எங்கள் ஆட்கள் திடலில் கத்தியபோதெல்லாம் மாடு மிரளுகிறது என்று துரையிடம் முறையிட்டவர். அவர் காதில் விழுந்தது இதுதான்: வெள்ளைக்காரன் எறங்கப் போகிறான், ஓரத்தில் எறங்கினால் என் கொட்டாய்க்குள் வருவான், சுடுவான். சில வாரத்துக்குப் பிறகு அவரே ஒருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "எங் கொட்டாயில எறங்குனா எந் தலைதானே மூங்கில்ல நிக்கும்?" அவர் பொய் சொல்லவில்லை. பயந்தார்.

மறுநாள் பெரட்டு நடக்கும்போது லாரி வந்தது. ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பெத்தாயின் சிப்பாய்கள் நான்கைந்து பேர், ஒரு சார்ஜன்ட், ஜப்பான் மொழி படித்த தமிழ்த் துபாஷி ஒருவர். கங்காணியார் கையை நீட்டி எங்கள் இருவரையும் காட்டினார். என் கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே வலது காதுக்குள் ஏதோ கிழிந்த சத்தம் கேட்டது. அந்தக் காதில் நான் கேட்ட கடைசிச் சத்தம் அது. அண்ணன், "எதுக்குய்யா, எதுக்குன்னு சொல்லிட்டு அடிங்க" என்று கேட்டார். துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். பல் இரண்டு மண்ணில் விழுந்தது. அக்கா ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஒரு சிப்பாய் அக்காவின் கொண்டையைப் பிடித்துச் சுழற்றி வாய்க்காலில் தள்ளினான். பெரட்டில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிமிர்ந்தவனுக்கும் லாரியில் இடம் இருந்தது.

சுங்கை பட்டாணியில் சீன வியாபாரி ஒருவரிடமிருந்து பறித்த மாடிவீடு. மேலே இரண்டு அறைகள், நடுவே பலகைச் சுவர். ஒரு அறையில் நான், மறு அறையில் அண்ணன். பக்கத்து அறைப் பேச்சு புரியாது. அலறல் கேட்கும்.

துபாஷிக்கு என் வயதுதான் இருக்கும். பட்டணத்துத் துணிக்கடைக்காரர் மகன் என்று பிறகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கையில் ஜப்பான்காரன் கொடுத்த துணிப்பட்டை. சார்ஜன்ட் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவான். இவர் சத்தமாகத் தமிழாக்குவார்.

"வெள்ளைக்காரன் எங்க எறங்குறான்?"

"எந்த வெள்ளைக்காரன் ஐயா?"

"நடிக்காத. ஐரிஸ்காரன். நடுவுலயா, ஓரத்துலயா? எப்ப எறங்குறான்? எத்தனை பேரு? யாரைச் சுடப்போறான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் பயம் குறைந்தது என்பது நிஜம். இது பந்து விவகாரம், சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஐயா, அது பந்து. சும்மா பந்தாட்டப் பேச்சு."

துபாஷி அதை மொழிபெயர்ப்பதற்கு முன்பே என்னை அறைந்தார். "பந்தா? அங்க திடலே இல்ல. ஆளுயர மரவள்ளி நிக்குது. கம்பம் இல்ல, பந்து இல்ல. யாரை ஏமாத்துற?"

பந்து இல்லாத திடலில் பந்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு என்று எப்படி நம்பவைப்பது? நான் படித்தவன். படிப்பை வைத்துத் தப்பிக்கப் பார்த்தேன். அயர்லாந்து இந்தப் போரில் சேரவே இல்லை, அது நடுநிலை நாடு, ஜப்பானுக்கு எதிரி அல்ல, அயர்லாந்துக்காரன் எதற்கு இங்கே வந்து சுடப்போகிறான் என்று விவரமாகச் சொன்னேன். துபாஷி மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் முதல் முறையாக எழுந்து என் அருகில் வந்தான். மெதுவாக ஒரு கேள்வி கேட்டான்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? ரேடியோ எங்க வச்சிருக்க?"

ஜப்பான் வருவதற்கு முன் பத்திரிகையில் படித்தது என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. என்னை ஏணியில் படுக்கவைத்துக் கட்டினார்கள். வாயில் ரப்பர்க் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வயிறு பானைபோல ஆனதும் அதன்மேல் பலகையை வைத்து ஒருவன் ஏறி நின்றான். மூக்கு, வாய் எல்லாவற்றாலும் வந்தது. நினைவு தப்பும்போது நிறுத்தினார்கள், வந்ததும் தொடங்கினார்கள். பிறகு வலது கை விரல்களுக்கு நடுவே மூங்கில் குச்சிகளை வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். நடுவிரல் முறிந்ததை வலியால் அல்ல, சத்தத்தால் தெரிந்துகொண்டேன்.

நான் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: அது பந்து, ஓரத்துல ஆடுறது, லெஃப்ட்டுல ஆடுறது. மறு அறையில் அண்ணனும் அதையே சொல்லியிருக்கிறார், நடுவில் என்று. துபாஷி இரண்டு அறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ரெண்டு எடம் சொல்றீங்க. அப்ப ரெண்டு பேரும் பொய். ஒரே எடத்தைச் சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. அவன் தாங்க மாட்டான், சொல்லிட்டேன்."

பலகைச் சுவருக்கு அப்பால் அடி விழும் சத்தமும், ஒவ்வொரு அடிக்கும் அண்ணனிடமிருந்து ஒரு முனகலும் வந்துகொண்டிருந்தது. பிறகு அடி மட்டும் வந்தது. முனகல் வரவில்லை. எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். மனிதர் செத்தாலும் நடுவை விட மாட்டார். பதில் ஒன்றாக வேண்டுமென்றால் நான்தான் மாற வேண்டும். அதன் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இந்த நிமிடம் அவரை அடிப்பதை நிறுத்தினால் போதும்.

"நடுவுல," என்றேன். "ஐரிஸ்காரன் நடுவுலதான்."

துபாஷி வேகமாக அடுத்த அறைக்குப் போனார். உடனே திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவன் இப்ப ஓரம்ங்கிறான்."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. அண்ணனை இழுத்து வரச் சொன்னான். இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்து வந்து எனக்கு எதிரே மண்டியிட வைத்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கண் மூடியிருந்தது, மறு கண் மட்டும் என்னைத் தேடியது. மார்பில் சிகரெட்டால் சுட்ட புள்ளிகள். துபாஷி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கத்தினார்.

"டேய், இவன் நடுவுலங்கிறான், நீ ஓரத்துலங்கிற. காலையில நீ நடுவு, இவன் ஓரம். என்னடா வெளையாடுறீங்களா?"

அண்ணன் அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். கிழிந்த வாய் விரிந்தது. அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

"ஒத்துக்கிட்டியாடா கிராணி," என்றார். "கடைசியில நடுவுன்னு ஒத்துக்கிட்டியா."

அவர் சிரிப்பு முடியவில்லை. சார்ஜன்ட் ஒரு சிப்பாயின் துப்பாக்கியை வாங்கினான். அண்ணனின் வலது காலை நீட்டச் சொல்லி ஒருவன் கணுக்காலை மிதித்துக்கொண்டான். சார்ஜன்ட் கட்டையைத் தலைக்குமேல் தூக்கி முழங்காலில் இறக்கினான். பச்சை விறகு பிளக்கும்போது வருவதுபோல ஈரமான சத்தம். மறுபடி இறக்கினான். மூன்றாம் முறை இறக்கும்போது அங்கே எலும்பு என்று எதுவும் இருந்திருக்காது. அண்ணன் கத்திய கத்தலில் கீழே தெருவில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கோல் அடித்த கால் அது.

சார்ஜன்ட் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இடுப்புக் கத்தியின் பிடியில் கை வைத்தான். துபாஷியிடம் ஏதோ கேட்டான். துபாஷி குனிந்து அண்ணனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"எதுக்குடா சிரிச்ச? சீக்கிரம் சொல்லு. வெட்டப்போறாரு."

"ஐயா," என்றார் அண்ணன். மூச்சு விட்டு விட்டு வந்தது. "நீங்க பந்து ஆடுனதே இல்லையா? எறங்குறதுன்னா... எங்க திடலு பள்ளத்துல இருக்கு. எறங்கித்தான் ஆடணும். ஆட எறங்குறது ஐயா. வானத்துல இருந்து இல்ல. படத்துல ஒருத்தன் இருந்தான்... அவனை எங்க போடுறதுன்னு..."

துபாஷி மயிரை விட்டார். நான் அவர் முகத்துக்கு நேர் கீழே கிடந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பட்டணத்தில் பிறந்தவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அதைத்தான் காலையிலிருந்து ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அந்தக் கத்தி யார் கழுத்துக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் அண்ணனின் ரத்தம் கோடாக இழுபட்டது.

பிறகு அவர் நிமிர்ந்து நின்று ஜப்பான் மொழியில் பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் சார்ஜன்ட் ஒரு முறை குறுக்கிட்டான், இவர் தலைகுனிந்து மறுபடி தொடர்ந்தார். முடித்ததும் சார்ஜன்ட் அவரை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். அவர் கீழே விழுந்து எழுந்து விறைப்பாக நின்றார். சார்ஜன்ட் என்மீது துப்பிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனான். கத்தி உறையிலேயே இருந்தது.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் தெருவில் எறிந்தார்கள். அக்கா விடிந்ததிலிருந்து எதிர்ப்புறக் கடை வாசலில் நின்றிருந்தார். அவர் நெற்றியில் வாய்க்கால் கல் வெட்டிய காயம் காய்ந்திருந்தது. வண்டிக்காரர் கைகொடுக்க, புருஷனைத் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றினார். சுங்கை லாலாங் வரும் வழியெல்லாம் வண்டி குலுங்கும்போது அண்ணன் அலறினார். ஒரு பாலத்துக்கு அருகே சற்று ஓய்ந்தபோது என் பக்கம் திரும்பி, "நீ எதுக்குடா நடுவுன்ன?" என்று கேட்டார். "நீங்க எதுக்கு ஓரம்னீங்க?" என்றேன். அக்கா, "ரெண்டு பேரும் வாயை மூடலைன்னா வண்டியை மறுபடி பட்டணத்துக்கே திருப்பச் சொல்வேன்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடம் மருந்து ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரும் மரப்பட்டைக் கட்டும்தான். கால் வீங்கிக் கறுத்தது. அழுகினால் வெட்ட வேண்டும் என்றார், வெட்டுவதற்கு மயக்க மருந்தும் இல்லை. அழுகவில்லை. எலும்பு கண்டபடி ஒட்டி, கால் கம்பாக நீட்டியபடியே நின்றுவிட்டது. உயிர் தங்கியது.

எங்களை விட்ட சில நாளில் சிப்பாய்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். திடலின் இடது ஓரத்து மரவள்ளியை வெட்டிச் சாய்த்துவிட்டு, கங்காணியாரின் கொட்டாயில் துப்பாக்கியோடு பதுங்கிக் காவல் இருந்தார்கள். மாட்டை அறுத்துத் தின்றார்கள். தடுக்கப்போன கங்காணியாரை அதே கொட்டாயின் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். யாரும் எறங்கவில்லை. போகும்போது கொட்டாயைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

இந்தக் காவல்தான் என்னை இன்றுவரை குழப்புகிறது. துபாஷி உண்மையைச் சொல்லியிருந்தால், இது வெறும் பந்துப் பேச்சு என்று சார்ஜன்ட்டுக்குத் தெரிந்திருந்தால், கொட்டாயில் வந்து எதற்குக் காத்திருந்தார்கள்? அவர் உண்மையைச் சொல்லவில்லை என்றால், எங்களை எதற்கு உயிரோடு விட்டார்கள்? தன் தவறை ஒப்புக்கொண்டாரா, அல்லது தவறை மறைத்து எங்களையும் காப்பாற்றுகிற மாதிரி வேறு ஏதாவது கட்டிச் சொன்னாரா? இவர்களை விட்டால் வெள்ளைக்காரன் இவர்களைத் தேடி எறங்குவான், அப்போது பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் முதலாவது என்பார். "அறை வாங்குனான் பாத்தியா? தப்பை ஒத்துக்கிட்டவனுக்குத்தான் அப்படி விழும்." நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அறை வாங்குவதற்குக் காரணம் தேவைப்பட்டதில்லை.

அவரையே கேட்டிருக்கலாம். ஜப்பான்காரன் சரணடைந்தபின், இங்கிலீஷ்காரன் வந்து சேர்வதற்கு முந்திய வாரங்களில், காட்டுக்குள் ஒளிந்து ஜப்பானோடு போரிட்டவர்கள் பட்டணத்துக்கு வந்து ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைப் பிடித்தார்கள். துபாஷியையும் பிடித்த செய்தி கேட்டு அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு, கம்பு ஊன்றி, சைக்கிள் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து சுங்கை பட்டாணிக்கு வந்தார். அவன் பேசித்தான் நம்மளை விட்டாங்கன்னு சொல்லணும் என்பது அவர் எண்ணம். நாங்கள் போனபோது முடிந்துவிட்டது. துணிக்கடைக்குப் பின்னாலிருந்த பால்மரக் காட்டில் அவரை மண்வெட்டியால் அடித்துப் போட்டிருந்தார்கள். அதே போன்ற வெள்ளைச் சட்டை. கையிலிருந்த பட்டையை அவர் வாயில் திணித்திருந்தார்கள். அண்ணன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "திருப்புடா" என்றார்.

அயர்லாந்து விஷயத்தைப் பிற்பாடு நூலகங்களில் தேடினேன். அந்நாளில் அயர்லாந்து என்ற பெயரிலேயே இரண்டு குழுக்கள் இருந்தன, ஒன்று வடக்கில், ஒன்று தெற்கில், சிலர் இரண்டுக்கும் ஆடினார்கள் என்று தெரிந்தது. துரை ஒட்டியது எந்தக் குழுவின் படம் என்று இனித் தெரிய வழியில்லை. ஆகவே அவன் நடுவா ஓரமா என்பதும் தீரவில்லை. அண்ணன் கம்பாக நீட்டிய காலோடு சாகும்வரை நடுதான் என்றார். நான் பழையபடி ஓரத்துக்குத் திரும்பிவிட்டேன். அப்படித் திரும்புவதைத்தான் அவரும் விரும்பினார்.

இன்னொன்று. துபாஷி அன்று பேசிய நீளமான பேச்சில் ஒரே ஒரு சொல் என் நல்ல காதில் தங்கியிருக்கிறது. 'ஷூ' என்று தொடங்கும் சொல், இரண்டு முறை சொன்னார். ஜப்பான் மொழி தெரிந்த இருவரிடம் வெவ்வேறு சமயத்தில் கேட்டேன். 'ஷூக்யூ' என்றால் காலால் ஆடும் பந்தாட்டம் என்று ஒருவர் சொன்னார். 'ஷூகெகி' என்றால் திடீர்த் தாக்குதல் என்று மற்றவர் சொன்னார். இரண்டையும் பலமுறை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் கேட்டது இவற்றில் எது என்று இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.